வில் வளைந்தால்தான் வண்டி வாழும்!

பூதலூர்ச் சேற்றிலும் செம்மண் மேட்டிலும் பாரம் சுமக்கும் நான்கு சக்கர இழுவை வண்டியின் கதை

அறுவடைக் காலம். களத்திலே நெல் குவிந்து கிடக்கிறது. வானத்திலே மேகம் கூடுகிறது. மூட்டை கட்டி, வண்டியில் ஏற்றி, கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் விவசாயிக்கு மூச்சு வரும். வயலுக்கும் தார்ச் சாலைக்கும் நடுவே இருப்பதோ வாய்க்கால் கரை. ஒரு பக்கம் தண்ணீர். மறு பக்கம் சேறு. நடுவே ஒரு வண்டி போகிற அகலம்.

இந்தக் கரையின் மேல் பாரத்தோடு போகும் வண்டியைக் காப்பாற்றுவது எது? என்ஜினின் பலமா? டிரைவரின் கைத்திறமையா? இரண்டும் வேண்டியவைதான். ஆனால், வண்டியின் அடியிலே, சேறு அப்பி, யார் கண்ணிலும் படாமல் சில இரும்புப் பட்டைகள் இருக்கின்றன. அவற்றின் பக்கத்திலே எண்ணெய் அடைத்த சில குழாய்களும் இருக்கின்றன. பட்டைக்கு ஸ்பிரிங் என்று பெயர். குழாய்க்கு ஷாக் அப்சார்பர் என்று பெயர். இவை இரண்டும் சரியாக இருந்தால் வண்டி கரையேறும். சரியில்லை என்றால் வண்டி எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது!

புது ஆறும் செம்மண் மேடும்

தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் நடுவே, ரயில் பாதையில் இருக்கிறது பூதலூர். தெற்கே செங்கிப்பட்டி. வடக்கே திருக்காட்டுப்பள்ளி. மேற்கே சற்றுத் தொலைவில் கரிகாலன் பெயர் சொல்லும் கல்லணை. மேட்டூர் அணை 1934-ம் ஆண்டில் கட்டி முடிந்தது. அந்தத் திட்டத்தோடு சேர்ந்து வந்ததுதான் கல்லணைக் கால்வாய். பழைய ஆறுகளோடு புதிதாகச் சேர்ந்ததால் மக்கள் அதைப் 'புது ஆறு' என்றே அழைக்கிறார்கள்.

இந்த வட்டாரத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. வடக்கே போனால் காவிரி கொண்டுவந்த வண்டல். மழை பெய்தால் முழங்கால் வரை இழுக்கும் சேறு. தெற்கே செங்கிப்பட்டி, வல்லம் பக்கம் போனால் செம்மண் மேடு. கல்லும் சரளையும் சக்கரத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். காலையில் சேற்றில் போன வண்டி, மாலையில் சரளையில் போக வேண்டும். ஒரே வண்டி, இரண்டு வகைச் சோதனை!

குறுவை அறுவடை முடியும் நேரத்தில் ஐப்பசி மழை வந்து நிற்கும். சம்பா அறுவடை தை, மாசியில் வரும். அப்போதும் தாழ்ந்த வயல்களில் ஈரம் காயாமல் இருக்கும். அதனால்தான் டெல்டாவில் பெல்ட் போட்ட அறுவடை எந்திரங்கள் வயலில் இறங்குகின்றன. அறுத்த நெல்லைக் கரைக்குக் கொண்டுவரும் வேலையில் டிராக்டரோடு, நான்கு சக்கரமும் இழுக்கும் சிறு லாரியும் ஜீப்பும் கைகொடுக்கின்றன.

வில் வண்டி தெரியுமா?

ஸ்பிரிங் என்பது ஏதோ சீமைச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். பாட்டன் காலத்து 'வில் வண்டி'யைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அந்தக் காலத்தில் தஞ்சை ஜில்லாவில் இரண்டு வகை மாட்டு வண்டிகள் ஓடின. ஒன்று, நெல் மூட்டையும் வைக்கோலும் ஏற்றும் பார வண்டி. அதிலே வண்டித் தட்டு நேராக அச்சின் மேல் உட்கார்ந்திருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அந்த அடி முழுவதும் தட்டுக்கு ஏறும். மூட்டைக்கு முதுகு வலிக்காது. ஆகையால் யாரும் கவலைப்படவில்லை.

இன்னொன்று, வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் கல்யாணத்துக்கும் கோவிலுக்கும் போகிற கூண்டு வண்டி. அதிலே அச்சுக்கும் தட்டுக்கும் நடுவே வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டியிருப்பார்கள். பார்ப்பதற்கு வில்லைப் போல இருக்கும். அதனால் அது 'வில் வண்டி' ஆயிற்று. சக்கரம் கல்லில் ஏறும்போது வில் வளையும். அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். உள்ளே இருப்பவர்களுக்கு ஓர் ஆட்டம் மட்டுமே தெரியும்.

பாரம் கூடக் கூட, வில்லும் அதே விகிதத்தில் வளையும். இந்த விதியை இங்கிலாந்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1678-ம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். 10 மூட்டைக்கு ஓர் அங்குலம் அமுங்கும் ஸ்பிரிங், 20 மூட்டைக்கு இரண்டு அங்குலம் அமுங்கும். இவ்வளவுதான் அந்த விதி. குழந்தைக்கும் புரியும். ஆனால் இன்றைக்கு ஓடும் லாரியும் ஜீப்பும் இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கின்றன.

வில்லோடு வந்த ஜீப்

இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கச் சேனை ஒரு சிறு வண்டியைக் கொண்டுவந்தது. அதன் நான்கு சக்கரங்களும் என்ஜினால் சுழன்றன. வில்லிஸ், போர்டு ஆகிய இரு கம்பெனிகளும் யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளின. அதுதான் ஜீப். அதன் நான்கு மூலைகளிலும் இருந்தவை என்ன தெரியுமா? வில் வண்டியில் இருந்த அதே பட்டை அடுக்குத்தான்!

இந்தியாவில் 1947-ம் ஆண்டில் மகேந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்து இங்கே பூட்டத் தொடங்கியது. சென்னையில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கிய கம்பெனி, 1955-ல் அசோக் லேலண்டு ஆயிற்று. நம் ராணுவத்தில் ஓடும் 'ஸ்டாலியன்' என்ற நான்கு சக்கர இழுவை லாரி அந்தக் கம்பெனியின் படைப்புத்தான். 2016-ல் விற்பனைக்கு வந்த இசுசு 'வி கிராஸ்' வண்டியும், 2022-ல் வந்த டொயோட்டா 'ஹைலக்ஸ்' வண்டியும் நான்கு சக்கர இழுவை உள்ளவை. இரண்டிலும் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்.

சுருள் வந்த பிறகும் பின்னால் பட்டையை ஏன் விடவில்லை? காரணம் உண்டு. பட்டை பாரத்தையும் தாங்கும். அச்சையும் அதன் இடத்தில் பிடித்து வைக்கும். சுருள் பாரத்தை மட்டுமே தாங்கும். அச்சைப் பிடிக்கத் தனியாகக் கம்பிகள் வேண்டும். சவாரிக்கு என்றே செய்யும் வண்டிகளில் அதற்கு வழி செய்கிறார்கள். மகேந்திராவின் 'தார்' வண்டியைப் பாருங்கள். 2010-ல் வந்தபோது பின்னால் பட்டை இருந்தது. 2020-ல் வந்த புதிய தாரில் சுருள் வந்துவிட்டது. ஆனால் மூட்டை ஏற்றும் வண்டிக்குப் பட்டைதான் இன்றும் துணை.

தரையைத் தொடாத சக்கரம் தள்ளாது!

நான்கு சக்கரமும் இழுத்தால் சேற்றில் சிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான்.

இரண்டு சக்கரங்களுக்கு நடுவே டிபரன்சியல் என்ற பல்சக்கரப் பெட்டி இருக்கிறது. வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் கூடுதல் தூரம் போக வேண்டுமல்லவா? அதற்கு வழிவிடுவது இந்தப் பெட்டி. ஆனால் இதற்கு ஒரு குணம் உண்டு. எந்தச் சக்கரம் எளிதாகச் சுற்றுகிறதோ அதையே சுற்ற விடும். ஒரு சக்கரம் தரையை விட்டு மேலே தூக்கிக்கொண்டால் என்ன ஆகும்? அந்தச் சக்கரம் வெட்டவெளியில் விர்ரென்று சுழலும். தரையில் இருக்கும் சக்கரம் சும்மா நிற்கும். பூட்டுப் போடும் வசதி உள்ள வண்டியானால் தப்பிக்கலாம். இல்லாவிட்டால் அச்சுக்கு ஒரு சக்கரம் வீதம் தூக்கிக்கொண்டாலே போதும். நான்கு சக்கர இழுவையும் வீண்தான்!

ஆகையால், மேடு பள்ளத்தில் நான்கு சக்கரமும் தரையைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். பள்ளம் வந்தால் அந்தப் பக்கத்து வில் விரிந்து சக்கரத்தை இறக்க வேண்டும். மேடு வந்தால் வில் அமுங்கி இடம் கொடுக்க வேண்டும். வில் விறைப்பாக இருந்தால் சக்கரம் இறங்காது, அந்தரத்தில் தொங்கும். சேற்றில் போவதற்காகவே வாங்கிய வண்டியை, விறைப்பான ஸ்பிரிங் போட்டுச் சேற்றில் சிக்க வைப்பவர்களும் இருக்கிறார்கள். மேளம் வாங்கித் தோலைக் கிழித்த கதைதான்!

"அண்ணே, ஒரு பட்டை கூடப் போடுங்க!"

டெல்டாவின் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது:

"அண்ணே! மூட்டை ஏத்தினா வண்டி பின்னாலே உக்காருது. ஒரு பட்டை கூடப் போட்டு விடுங்க."

"ஒண்ணு போதுமா தம்பி? ரெண்டாப் போட்டுடலாமா?"

வண்டிக்காரருக்கு அவசரம். பட்டறைக்காரருக்கு வேலை. நடுவிலே கணக்குப் போடுவார் இல்லை! அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம்.

ஏழு பட்டை உள்ள அடுக்கில் அதே அளவில் எட்டாவது பட்டையைச் சேர்த்தால் விறைப்பு ஏழில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு 14 பங்கு கூடும். இது பெரிய ஆபத்தில்லை. ஆனால் பட்டையின் கனத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. பட்டையின் கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு இரண்டு மடங்கு ஆகாது. எட்டு மடங்கு ஆகும்! 8 மில்லிமீட்டர் பட்டையை எடுத்துவிட்டு 10 மில்லிமீட்டர் பட்டை போட்டால், கண்ணுக்கு அது சிறிய மாற்றம். ஆனால் அந்தப் பட்டையின் விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். 'கிடைத்த பட்டையைப் போட்டேன்' என்பது இதனால்தான் தவறு.

இன்னொரு விஷயம். மெல்லிய பட்டைகளோடு தடித்த பட்டையைச் சேர்த்துக் கட்டினால், எல்லாம் ஒன்றாக வளையும்போது தடித்ததன் மேல்தான் இறுக்கம் அதிகம். பலசாலி என்று நாம் நினைத்துப் போட்ட பட்டைதான் சீக்கிரம் களைத்து ஒடியும்!

வெறும் வண்டி ஏன் துள்ளுகிறது?

பாரத்தோடு போகும் லாரி அமைதியாகப் போகும். மூட்டையை இறக்கிவிட்டு வரும் லாரி கடகடவென்று துள்ளும். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஏன் அப்படி?

அதற்கும் ஓர் எளிய கணக்கு உண்டு. வண்டியின் பாரத்தால் ஸ்பிரிங் எத்தனை சென்டிமீட்டர் அமுங்கியிருக்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணின் வர்க்கமூலத்தை எடுங்கள். 300-ஐ அதனால் வகுங்கள். ஒரு நிமிஷத்துக்கு வண்டி எத்தனை முறை துள்ளும் என்பது ஏறக்குறைய வந்துவிடும்.

வெறும் வண்டியில் ஸ்பிரிங் 4 சென்டிமீட்டர் அமுங்கியிருக்கிறது என்று வையுங்கள். 4-ன் வர்க்கமூலம் 2. நிமிஷத்துக்கு 150 துள்ளல். மூட்டை ஏற்றியதும் 9 சென்டிமீட்டர் அமுங்குகிறது. 9-ன் வர்க்கமூலம் 3. துள்ளல் 100-ஆகக் குறைகிறது. 100 என்பது மனிதன் நடக்கிற வேகத்தின் தாளம். உடம்புக்குப் பழகியது. துள்ளல் வேகமாக வேகமாக, உடம்பு வருந்தும். நொடிக்கு 4 முதல் 8 முறை வரும் மேல்கீழ் அதிர்ச்சிதான் உட்கார்ந்திருக்கும் மனித உடம்பை மிகவும் வாட்டுகிறது என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். வருஷக் கணக்கில் அதிர்ச்சி வாங்கும் டிரைவர்கள் இடுப்பு வலியால் துன்பப்படுவது இதனால்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பாரத்துக்காகப் பட்டையை விறைப்பாக்கினால், வெறும் வண்டி 4 சென்டிமீட்டர்கூட அமுங்காது. துள்ளல் இன்னும் கூடும். நெல் வண்டி போகும்போது பாரம், வரும்போது வெறுமை. பாதி வழி துள்ளிக்கொண்டே வர வேண்டும். துள்ளும் சக்கரம் தரையில் பிடிப்பு இழக்கும். பிரேக் போட்டால் வழுக்கும்.

அப்படியானால் பாரம் ஏற்றுகிறவருக்கு வழியே இல்லையா? உண்டு. அதற்குத்தான் உதவிப் பட்டை என்ற ஏற்பாடு இருக்கிறது. அது வெறும் வண்டியில் சும்மா இருக்கும். பாரம் ஏறி மற்றப் பட்டைகள் ஓரளவு அமுங்கிய பிறகுதான் வேலைக்கு வரும். வீட்டிலே சும்மா உட்கார்ந்திருந்து, விருந்தாளி வந்தால் மட்டும் எழுந்து ஓடும் பிள்ளையைப் போல!

நுனியில் மெலிந்து நடுவில் தடித்த பட்டைகளும் இப்போது வருகின்றன. இவற்றில் பட்டை எண்ணிக்கை குறைவு. ஒன்றோடொன்று உரசுவதும் குறைவு. சிறு குழிகளிலும் வில் எளிதாக வேலை செய்கிறது.

கொல்லர் அறிந்த இரகசியம்

கிராமத்துக் கொல்லர்கள் பழைய லாரிப் பட்டையை ஆசையோடு வாங்குவார்கள். அதில் அடித்த அரிவாள் கூர் மழுங்காது. ஏன்? பட்டை சாதாரண இரும்பு அல்ல. சிலிக்கனும் மாங்கனீசும் சேர்த்த எஃகு. அதைச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளவாகச் சூடாக்கிப் பதம் ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் பதம்தான் வளைந்த வில்லை மறுபடி நிமிர்த்துகிறது.

தொய்ந்துபோன பட்டையைச் சிலர் உலையில் வைத்து வளைத்து மாட்டுவது உண்டு. உலையில் வைத்தவுடன் பழைய பதம் போய்விடும். முறைப்படி மறுபடி பதம் ஏற்றாவிட்டால், அந்தப் பட்டை சில நாளில் மறுபடி தொய்யும். அல்லது கண்ணாடி போல ஒடியும். சுருள் ஸ்பிரிங்கை அறுத்துக் குட்டையாக்குவதும், சூடுகாட்டி இறக்குவதும் இதே வகைத் தவறுதான்.

துள்ளலை அடக்கும் எண்ணெய்

வில் பாரத்தைத் தாங்கும். ஆனால் தானாக நிற்காது. ஊஞ்சலை ஒரு முறை தள்ளினால் பல முறை ஆடுகிறதல்லவா? அதைப் போல வில்லும் ஒரு குழிக்குப் பல முறை ஆடும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. பெயரைப் பார்த்து, அடியைத் தாங்குவது இதுதான் என்று நினைக்கிறார்கள். அடியை வாங்குவது வில். ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பர்.

அது எப்படி அடக்குகிறது? வாய்க்கால் தண்ணீரில் கையை மெதுவாக விட்டுப் பாருங்கள். தண்ணீர் வழிவிடும். ஓங்கி அறைந்து பாருங்கள். கை வலிக்கும். குழாய்க்குள்ளே இருக்கும் எண்ணெயும் அப்படித்தான். உள்ளே ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. அதிலே சிறு துளைகள் இருக்கின்றன. எண்ணெய் அந்தத் துளைகளின் வழியே பிதுங்கிப் போக வேண்டும். மெதுவாக அசைந்தால் எதிர்ப்பு குறைவு. வேகமாகத் துள்ளினால் எதிர்ப்பு அதிகம். துள்ளலின் வேகம் எல்லாம் எண்ணெயில் சூடாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது.

சரளைப் பாதையில் நெடுநேரம் ஓடினால் ஷாக் அப்சார்பர் தொட முடியாதபடி சுடும். சூடான எண்ணெயில் காற்று கலந்து நுரைத்தால் எதிர்ப்பு குறைந்துவிடும். அதனால் சில வகைகளில் நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைத்து நுரைக்காமல் செய்கிறார்கள். சேற்றைவிடச் செம்மண் மேட்டில் அதிகம் ஓடும் வண்டிக்கு இந்த வகை ஏற்றது. நம் நாட்டில் 1961-ல் தொடங்கிய கேப்ரியல் கம்பெனி, தமிழ்நாட்டின் ஓசூரிலும் தொழிற்சாலை வைத்து ஷாக் அப்சார்பர் செய்கிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் விளங்கும். வில்லும் ஷாக் அப்சார்பரும் கணவன் மனைவி போல. ஒருவரை மாற்றினால் மற்றவரையும் கவனிக்க வேண்டும்! வில்லை விறைப்பாக்கிவிட்டுப் பழைய ஷாக் அப்சார்பரை விட்டால் துள்ளல் அடங்காது. மெல்லிய வில்லுக்கு மிகவும் கடினமான ஷாக் அப்சார்பர் போட்டால், அமுங்கிய வில் நிமிர்வதற்குள் அடுத்த குழி வந்துவிடும். வண்டி குழிக்குக் குழி தாழ்ந்துகொண்டே போகும்.

மாற்றும் முன்னால் பாருங்கள்

'பட்டை போய்விட்டது' என்று பணம் எடுக்கும் முன்னால் வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சில காரியங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, டயர்க் காற்று. டயரும் ஒரு ஸ்பிரிங்தான். காற்று மிகுந்தால் வண்டி துள்ளும். குறைந்தால் உட்காரும். செலவில்லாத வைத்தியம் இது.

இரண்டாவது, வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? தரையிலிருந்து நான்கு மூலைகளின் உயரத்தையும் அளந்தால் தெரியும்.

மூன்றாவது, பட்டைகளைச் சேறு போகக் கழுவிப் பார்க்க வேண்டும். கீறலோ ஒடிவோ இருக்கிறதா? நடு போல்ட் அறுந்திருக்கிறதா? அது அறுந்தால் அச்சு இடம் பெயர்ந்து வண்டி நண்டு போலக் கோணலாக ஓடும்.

நான்காவது, பட்டையின் காதுகளில் இருக்கும் புஷ் தேய்ந்திருக்கிறதா? தேய்ந்த புஷ் கொடுக்கும் சத்தத்தைப் பட்டையின் குற்றம் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் பலர்.

ஐந்தாவது, ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வழிகிறதா? சிறு வண்டியானால் மூலையில் அழுத்திவிட்டுப் பார்க்கலாம். ஓர் ஆட்டத்தில் அடங்கினால் சரி. ஆடிக்கொண்டே இருந்தால் அது ஓய்ந்துவிட்டது.

மாற்றுவது என்று முடிவு செய்தால், வலது இடது இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். வண்டியின் வெற்று எடை எவ்வளவு, வழக்கமாக ஏற்றும் பாரம் எவ்வளவு என்று சொல்லி அதற்கேற்ற ஸ்பிரிங்கைக் கேட்க வேண்டும். 'இருப்பதிலேயே கெட்டியானது கொடுங்கள்' என்று கேட்கக் கூடாது. அச்சையும் பட்டையையும் சேர்த்துக் கட்டும் யு போல்ட்டுகளைப் புதிதாகவே போட வேண்டும். பழையவை ஒரு முறை இழுபட்டு நீண்டவை. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக முடுக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு யு போல்ட் நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை! ஈர மண்ணில் ஜாக்கி வைத்துவிட்டு, அதை நம்பி வண்டியின் அடியில் படுக்கக் கூடாது. வண்டல் மண் ஜாக்கியை விழுங்கிவிடும். கெட்டித் தரையும் முட்டுத் தாங்கியும் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. அமுக்கிய சுருள் ஸ்பிரிங்கும் வாயு அடைத்த ஷாக் அப்சார்பரும் உயிரை வாங்கக் கூடியவை. அவற்றைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

உயரம் கூட்டலாமா?

சில இளைஞர்களுக்கு வண்டியை உயர்த்திப் பார்ப்பதிலே ஆசை. அடியில் தண்ணீர் படாது. சேற்றில் தட்டாது என்கிறார்கள். இரண்டு அங்குலம் உயர்த்தினால் என்ன என்றும் கேட்கிறார்கள்.

உயர்த்தினால், என்ஜினிலிருந்து அச்சுக்குப் போகும் தண்டின் கோணம் மாறும். அதன் மூட்டுகள் சீக்கிரம் தேயும். பிரேக் எண்ணெய்க் குழாய் நீளம் போதாமல் இழுபடும். ஸ்டியரிங் கம்பிகளின் கோணம் கெடும். பழைய ஷாக் அப்சார்பர் நீளம் பற்றாமல், வில் விரியும்போதெல்லாம் அதன் காதைப் பிய்க்கும். முன் விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாரம் உயரே போவதால் வண்டி கவிழ்வது எளிதாகிவிடும். வாய்க்கால் கரையில் கவிழ்ந்த வண்டிக்குள் இருப்பவர்கள் கதி என்ன? சொல்லவே நடுங்குகிறது!

சட்டமும் இதை விட்டு வைக்கவில்லை. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பு மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தியது. தேய்ந்த பாகத்துக்குப் பதிலாக அதே அளவுப் பாகம் போடுவது பழுது பார்ப்பது. அமைப்பையே மாற்றுவது வேறு காரியம். அதற்கு முன்னால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பட்டை கூடினால் பாரம் கூடலாமா?

இதுதான் மிகப் பெரிய ஏமாற்றம். நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டை 40 கிலோ. 25 மூட்டை சேர்ந்தால் ஒரு டன். ஒரு டன் ஏற்றலாம் என்று சான்று பெற்ற வண்டியில் 40 மூட்டை ஏற்றினால் 1,600 கிலோ ஆகிறது. பட்டை கூடப் போட்டிருந்தால் வண்டி உட்காராது. பார்ப்பவர் கண்ணுக்குப் பாரம் தெரியாது. ஆனால் பிரேக்குக்குத் தெரியும்! அச்சுக்குத் தெரியும்! டயருக்குத் தெரியும்! சேஸிசுக்குத் தெரியும்! பட்டை மட்டும்தான் பலத்தது. மற்றவை எல்லாம் பழையவையே.

சாலைக்கும் தெரியும். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓயாமல் ஓட்டிச் சாலைகளைச் சோதித்தார்கள். அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் இரண்டு மடங்கு அல்ல, ஏறக்குறைய 16 மடங்கு என்று கண்டார்கள். ஒன்றரை மடங்கு பாரத்துக்கு ஐந்து மடங்கு சேதம்! ஊராட்சிச் சாலை ஒரே மழையில் பெயர்வதற்கு இதுவும் ஒரு காரணம். 2019-ல் திருத்திய சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். இரண்டு நடை போய்விட்டு வரும் டீசல் செலவு இதைவிடக் குறைவுதானே!

மயில் இறகுதானே என்று அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சே முறியும் என்று திருக்குறள் எச்சரிக்கிறது. மயில் இறகுக்கே அப்படி என்றால், ஈர நெல் மூட்டைக்குச் சொல்ல வேண்டுமா?

வளைவதே பலம்

வண்டி என்பது நம் ஊர்களில் ஒரு குடும்பத்தின் சோறு. கடன் வாங்கி வாங்கியிருப்பார்கள். மாதா மாதம் தவணை கட்ட வேண்டும். அதை ஓட்டிக்கொண்டு போனவர் மாலையில் வீடு திரும்ப வேண்டும் என்று மனைவியும் மக்களும் காத்திருப்பார்கள். ஆகவே வில்லைப் பற்றிய பேச்சு இரும்பைப் பற்றிய பேச்சு மட்டும் அல்ல.

விறைப்பாக இருப்பதுதான் பலம் என்று நினைப்பது மனித சுபாவம். ஆனால் வண்டியின் அடியில் கிடக்கும் பட்டை வேறு பாடம் சொல்கிறது. வளைந்து கொடுத்து, அடியை வாங்கி, மறுபடி நிமிர்கிற பட்டைதான் உழைக்கும். வளைய மறுக்கிற பட்டை தானும் ஒடியும், வண்டியையும் ஒடிக்கும்.

அடுத்த அறுவடைக்கு மூட்டை ஏற்றும் முன்னால், பூதலூர்ப் பக்கத்து வண்டிக்காரர்கள் ஒரு வாளித் தண்ணீர் எடுத்து வண்டியின் அடியைக் கழுவிப் பார்க்கட்டும். ஏற்றுகிற பாரம் எவ்வளவு, போகிற பாதை எது என்று கணக்குப் பார்த்து, அதற்கேற்ற வில்லையும் ஷாக் அப்சார்பரையும் மாட்டட்டும். அரை மணி நேர வேலை கரையில் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும்!